ஓலையில் நிற்காத பண்

அத்தையின் வீணையைக் கணினியோடு இணைத்த அன்று முதலில் கேட்டது மின்சாரத்தின் ஒலி.

சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவர் வீடு. கூடத்தில் பாய் விரித்து, வீணையின் பலகையில் காசு அளவிலான காண்டாக்ட் மைக் ஒன்றை ஒட்டி, அதன் வயரை மடிக்கணினியின் மைக் துளையில் செருகியிருந்தேன். காலையில் பாட்டுக்கு வந்துபோன பையனுக்காக ஒரு கட்டையில் வைத்த சுருதிப் பெட்டி பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை தந்தியைத் தொடவில்லை. அதற்குள் ஹெட்போனில் தாழ்ந்த முரல் ஒன்று நிலையாக நின்றது. அவரிடம் ஒரு காதுக்கு மட்டும் கொடுத்தேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, "யாருப்பா இது, சுருதி சேராம தம்புரா போடுறது?" என்றார்.

அவர் காது சரியாகத்தான் சொன்னது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அதன் இரட்டிப்பு 100. ஒரு கட்டைச் சுருதிக்கு மந்திர பஞ்சமம் ஏறத்தாழ 98. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறை வீங்கித் தணியும் ஓர் அலை பிறக்கும். தம்புராவின் பிரடையை முறுக்கும்போது நாம் கரைத்துவிடப் பார்ப்பது அந்த அலையைத்தான். மின்வாரியத்தின் கம்பி ஊருக்கெல்லாம் ஒரு பஞ்சமம் பிடித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக. வயர் வழியே கேட்கத் தொடங்கும்வரை அது நமக்குத் தெரிவதில்லை.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அறுபதுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வீணை படித்தவர். 1929இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்கு எம்.எம். தண்டபாணி தேசிகர் தலைமை தாங்கிய காலம் ஒன்று உண்டு. தமிழிசைக்காக 1941இல் மாநாடு கூடியதும் அந்த வளாகத்தில்தான். அத்தை மேடை ஏறியது குறைவு, வீட்டில் சொல்லிக்கொடுத்தது அதிகம். அவர் வாசிப்பு எங்கும் பதிவாகவில்லை. அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு புயல்.

2011 டிசம்பர் 30, விடியற்காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பரணில் இருந்த அட்டைப்பெட்டி நனைந்து கூழானது. அதற்குள் அப்பாவின் கேசட்டுகள். அப்பா தொழில்முறைப் பாடகர் அல்லர். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் மாலை வேளைகளில் தேவாரம் பாடுவார். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்த ஊர் இது என்பது எங்கள் ஊரார் நம்பிக்கை. அங்கே பாடுவதை அப்பா ஒரு கடமையாக வைத்திருந்தார். வீட்டு டேப் ரிக்கார்டரில் அண்ணன் பிடித்த ஆறு கேசட்டுகள்; நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டது. அப்பா அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

அவருடைய பாட்டு நோட்டு மட்டும் வெயிலில் காய்ந்து பிழைத்தது. பதிகங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. எந்தச் சொல்லில் அவர் குரல் தழையும், எங்கே மூச்சுக்கு நிற்பார் என்பது அதில் இல்லை. சொல் தங்கியது, பண் போனது.

*

இந்தக் கடலூர் மாவட்டத்தில் இப்படி நடப்பது முதல் தடவை அல்ல.

உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் 'திருமுறை கண்ட புராணம்' சொல்லும் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில், தேவாரம் பாடிய மூவரின் கை அடையாளத்தோடு பூட்டிக் கிடக்கின்றன. நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் வந்து திறக்கச் சொல்கிறான். மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்கிறார்கள் கோயிலார். மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து மன்னன் அறையைத் திறக்க வைக்கிறான். உள்ளே கறையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது மிஞ்சியவை கொஞ்சம்.

பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம். அடுத்த பகுதிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிடைத்த ஏட்டில் பாட்டு இருந்தது. அதை எப்படிப் பாடுவது என்று ஏடு சொல்லவில்லை. அதற்காக அவர்கள் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இன்று இராசேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊர். சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவர் மரபில் வந்த ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பண் அமைக்கச் சொல்கிறார்கள். அவள் பாடிக் காட்டுகிறாள். புராணம் அவள் பெயரைச் சொல்லவில்லை.

கோயில் அறை காப்பாற்றாததை ஒரு வீடு காப்பாற்றியிருந்தது. தாயோ தகப்பனோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்; அவள் தினமும் பாடியிருக்க வேண்டும். இதை வரலாறு என்று எடுத்துக்கொள்வதும் புராணம் என்று எடுத்துக்கொள்வதும் அவரவர் விருப்பம். இசை எங்கே தங்கும் என்ற கேள்விக்கு இந்த மண் சொன்ன பதில் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்வதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள்.

யாழ் என்ற கருவியே பிறகு நம்மிடமிருந்து போய்விட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஈழத்திலிருந்து வந்த விபுலானந்த அடிகள், பழைய நூல்களின் குறிப்புகளையும் கணக்கையும் வைத்துப் பல ஆண்டுகள் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947இல் அது அரங்கேறியது. ஒரு கருவி எப்படி ஒலித்திருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு பேரறிஞரின் வாழ்நாளில் பெரும்பங்கு செலவாகியிருக்கிறது. யாழ் வாசித்த கடைசித் தலைமுறையின் அரைமணி நேர வாசிப்பு யாரிடமாவது இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

*

நமக்கு அந்த அரைமணி நேரம் இப்போது கைக்கு எட்டுகிறது. அதற்கு ஸ்டுடியோ வேண்டாம், சென்னைக்குப் போக வேண்டாம். 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். 1992இல் 'ரோஜா' வந்தது. வீட்டிலிருந்தே உலகத்துக்குக் கேட்க வைக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அறிந்தது அப்போதுதான். அன்று அதற்குப் பெரும் முதல் தேவைப்பட்டது. இன்று அந்தச் சங்கிலியில் நமக்கு அவசியமான கண்ணி உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கடையில் கேட்டால் தருவார்கள். சாதாரணமானதன் விலை நடுத்தரக் கைப்பேசியின் விலையைவிடக் குறைவு.

அந்தப் பெட்டி எதற்கு என்பதை நான் தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகியபோது வீணை தகரத் தட்டில் மீட்டியதுபோல் ஒலித்தது. மந்திரத் தந்தியின் கனமே இல்லை. காண்டாக்ட் மைக்கில் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு சில்லு. அது தருவது சின்ன ஊற்று. மடிக்கணினியின் மைக் வாயோ சில ஆயிரம் ஓம் தடைதான் உள்ள பெரிய மடை. ஊற்று தேங்குவதற்குள் மடை இழுத்துவிடும். முதலில் வற்றுவது கீழ்ச்சுருதிகள். இன்டர்ஃபேஸில் கிடார் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் அந்தத் தடை பத்து லட்சம் ஓம் அளவுக்கு ஏறுகிறது. ஊற்று நிதானமாக நிறைகிறது. அதே வீணை, அதே வயர். அத்தை மந்திர பஞ்சமத்தை மீட்டியதும் பலாமரத்தின் குரல் வந்தது. பண்ருட்டிப் பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர்போனது. தானே புயலில் அந்தப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் சாய்ந்தன என்பதை அந்த ஒலியைக் கேட்கும்போது மறக்க முடியவில்லை.

மின்சாரத்தின் முரலை ஒழித்தது அதைவிட எளிது. சார்ஜரைக் கழற்றினேன், மடிக்கணினி பேட்டரியில் ஓடியது, முரல் நின்றது. வீட்டு எர்த் சரியில்லாத இடங்களில் இது பெரிய தொல்லை. கடலூர் போன்ற மணல் பூமியில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். முரல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உலோகத் தந்தியில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பவரின் உயிருக்கு அந்த முள்தான் காவல்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது வியப்பானது. தந்தியின் அதிர்வை அது வினாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவையும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லை வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரை. அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அளந்தால் போதும் என்பதுதான் 44,100இன் கணக்கு. ஒரு மணி நேர வாசிப்பு அரை ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. தோடியின் காந்தாரத்தில் அத்தையின் விரல் தந்தியை இழுத்து விடும் அந்த ஒரு நொடி, நாற்பத்து நாலாயிரம் எண்களாக உட்கார்ந்திருக்கிறது.

அளந்து திரும்பக் கேட்பதற்கு நேரம் பிடிக்கும். கணினி 1,024 அளவுகளைச் சேர்த்து வைத்து ஒரே மூட்டையாக அனுப்பினால், அந்தக் காத்திருப்பு மட்டுமே வினாடியின் ஆயிரத்தில் 23 பங்கு. காற்றில் ஒலி அதற்குள் எட்டு மீட்டர் போய்விடும். ஹெட்போன் மாட்டிய அத்தைக்குத் தன் வீணையே எட்டு மீட்டர் தள்ளி யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. "கை ஒரு இடத்துல, சத்தம் ஒரு இடத்துல" என்று நிறுத்திவிட்டார். மூட்டையை 128ஆகக் குறைத்தபோது வீணை அவர் மடிக்குத் திரும்பியது.

*

கீபோர்டை யூஎஸ்பி வயரில் இணைப்பதும் நேரடி இணைப்புதான். ஆனால் அங்கே வயரில் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் அமுக்கினோம் என்ற குறிப்பு மட்டும் போகிறது. 1983இல் வகுத்த மிடி என்னும் முறை அது. 128 சுரங்களுக்கு 128 எண்கள். அத்தையின் பேத்தி கீபோர்டில் வாசித்ததை அப்படிப் பதிந்து, பிறகு புல்லாங்குழலாகவும் வயலினாகவும் மாற்றிக் கேட்கலாம். இசையமைப்பவர்களுக்கு இது பெரிய வரம். என்றாலும் அது ஓலையின் இனம். சொல்லை வைத்துக்கொள்ளும்; குரலை வேறு யாராவது கொடுக்க வேண்டும். சுரத்தை வளைக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியிலேயே ராகம் குடியிருக்கும் நம் இசையில், வளைவுதான் பொருள். கட்டை அதன் மேல் ஒட்டிய பெயர்.

பெரியபுராணம் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சியும் எருக்கத்தம்புலியூர்க்காரரைப் பற்றியதே. தருமபுரத்தில் சம்பந்தர் ஒரு பதிகம் பாடுகிறார். யாழ்ப்பாணரால் அதை யாழில் கொண்டுவர முடியவில்லை. யாழை ஓங்கி உடைக்கப் போகிறார். சம்பந்தர் தடுத்து, கருவியில் அடங்கியவரை வாசியுங்கள் என்கிறார். யாழ்முரி என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர் வந்தது. பாட்டு கருவியைவிடப் பெரியது என்பதை மட்டும் இதில் பார்க்கிறோம். கருவியை உடைக்க வேண்டாம் என்று தடுத்த கையையும் பார்க்க வேண்டும். கணினியைக் கண்டு ஒதுங்கும் மூத்த வித்துவான்களிடம் நான் சொல்ல விரும்புவதும் அதுதான்: அடங்கியவரை ஆகட்டும்.

*

பதிவு முடிந்ததும் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். சாவேரி, கேதாரம், பிறகு ஒரு திருத்தாண்டகம். முரல் இல்லை, சந்தில் போன ஸ்கூட்டர் இல்லை. ஒவ்வொரு மீட்டும் ஒவ்வொரு அசைவும் விரலை முகத்தருகே பிடித்துப் பார்ப்பதுபோல் தெளிவு. அத்தை முழுவதும் கேட்டார்.

"நல்லா இருக்குப்பா. ஆனா ஆளில்லாத வீட்ல வாசிச்ச மாதிரி இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. கடலூர் திரும்பும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது பிடிபட்டது. பலகையில் ஒட்டிய மைக் பலகையின் அதிர்வைத்தான் எடுக்கும். அதற்குக் காற்று தெரியாது. வீணையின் குடத்திலிருந்து கிளம்பி, செங்கல் தரையில் பட்டு, மரத்தூணைச் சுற்றி, முற்றத்து வழியே மேலே போய், மீந்தது திரும்பி வந்து சேரும் ஒலி அதில் இல்லவே இல்லை. அறுபது ஆண்டுகளாக அத்தை தன் வீணை என்று கேட்டு வந்தது அந்தக் கூடத்தையும் சேர்த்துத்தான். வயர் சத்தத்தை மட்டும் தடுக்கவில்லை. வீட்டையும் வெளியே நிறுத்திவிட்டது.

ஒலி ஆகாயத்தின் குணம் என்பது நம் பழைய தத்துவ மரபின் துணிபு. ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்குரியது சிதம்பரம். திரையை விலக்கிக் காட்டுவது வெட்டவெளியைத்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு வெளியை நீக்கி ஒலியை மட்டும் எடுத்துப் போக முயன்றிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். இன்டர்ஃபேஸில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்றில் வீணையின் வயர். இன்னொன்றில் சாதாரண மைக் ஒன்றை முற்றத்துத் தூண் அருகே, ஆறடி தள்ளி, ஆள் உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வைத்தேன். இரண்டும் தனித்தனித் தடமாகப் பதிந்தன. மைக்குக்குப் போய்ச் சேர ஒலிக்கு ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி ஆகிறது. அந்த இடைவெளியை மாற்றாமல் அப்படியே விட்டேன். தடத்தில் கிளி கத்துகிறது. கோயில் மணி ஒரு முறை கேட்கிறது. கேதாரத்தின் நடுவே அத்தை பேத்தியிடம் "அடுப்ப அணை" என்கிறார். வயர்த் தடத்தை முன்னால் வைத்து, கூடத்துத் தடத்தை அதன் பின்னால் மெல்லச் சேர்த்தபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தாளத்துக்குத் தொடையில் கை போய்க்கொண்டிருந்தது.

இப்போது நான் நம்புவது இது. வயர் வழியே நேராக எடுப்பது விரலின் பதிவு. கற்க வருகிறவருக்கு அது வேண்டும். ஒரு கமகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில்தான் பார்க்க முடியும். மைக் எடுப்பது வீட்டின் பதிவு. அந்த வாசிப்பு யார் நடுவில், எந்த ஊரில் பிறந்தது என்பது அதில்தான் இருக்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிடக் கூடாது. யாழ்ப்பாணர் மரபுப் பெண் தில்லைக்கு வந்தபோது பண்ணை மட்டும் கொண்டு வந்திருக்க மாட்டாள். எருக்கத்தம்புலியூர்த் திண்ணையும் அவள் குரலில் இருந்திருக்கும்.

ஒரு கவலை மீதியிருக்கிறது. பதிந்ததையெல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால், அது மூவர் கை அடையாளமிட்ட அந்த அறையேதான். கறையானுக்குப் பதில் துரு வரும், வெள்ளம் வரும், பழைய கோப்பைத் திறக்கத் தெரியாத புதிய கணினி வரும். 2015 மழையில் கடலூர் மாவட்டம் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தையின் பதிவுகள் இப்போது சிதம்பரத்தில் அவர் வீட்டிலும், மஞ்சக்குப்பத்தில் என்னிடமும், வெளியூரில் பேத்தியிடமும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அத்தையே தேதியும் ராகமும் சொல்கிறார். பேத்தி அவற்றைக் கேட்டு வாசிக்கப் பழகுகிறாள். நான்காவது பிரதி அவள் கையில் உருவாகிக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்றும் அதற்காகத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். தாலாட்டோ, ஒப்பாரியோ, பதிகமோ, கல்யாணத்தில் பாடும் நலுங்குப் பாட்டோ, நாயனமோ, பம்பையோ, யாரும் கேட்காததால் வாசிப்பதை நிறுத்திவிட்ட பழைய ஆர்மோனியமோ அவரிடம் இருக்கும். பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் கைப்பேசியை ஆறடி தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து, பெயரும் ஊரும் சொல்லச் சொல்லி, பாடக் கேளுங்கள்.